வால் அறுந்த பல்லி கடிக்குமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜெராக்ஸ் அக்கா என்றால் கடையைக் காட்டிவிடுவார்கள். ஜெராக்ஸ் மெஷின் வாங்குவதற்கு முன்னால் நான் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில் மின்ட் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, இரங்கல் நோட்டீஸ் எல்லாம் ஈய எழுத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியிருக்கிறேன். எழுத்தை அடுக்கக் கையில் பிடிக்கும் தட்டான ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போல நிற்கும். அப்படியே படித்துப் பழகிவிட்டது. இப்போது குறுக்கெழுத்தில் "திரும்பி" என்று ஒரு சொல் வந்தால் மற்றவர்களைவிட எனக்கு அரை நிமிஷம் முன்னால் பொறி தட்டுவது அந்தப் பழக்கத்தால்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறுக்கெழுத்துக் கட்டம் வந்து விழும். போடுபவர் திருவொற்றியூரில் இருக்கும் டீச்சர் அக்கா. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்துத் துறைமுக அண்ணன், கண்டக்டர் தம்பி, பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், நான் என்று மொத்தம் பதினொரு பேர். புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் ஒரே கேள்விதான்: "அக்கா, இதை எங்கேருந்து பிடிக்கிறது?" பதினோராவது ஆளுக்கும் வாயால் சொல்லி முடித்துவிட்டேன். இனிமேல் வருகிறவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன்.

பல்லியிலிருந்து ஆரம்பிப்போம். இது டீச்சர் அக்கா எல்லாப் புது ஆட்களுக்கும் கொடுக்கும் முதல் குறிப்பு:

வால் அறுந்த பல்லி கடிக்க உதவும் (2)

அடைப்பில் இருக்கும் 2, விடையில் எத்தனை எழுத்து என்பது. குறிப்பைப் படித்ததும் மனசு சுவரில் ஓடும் பல்லிக்குப் போகும். போகவிடாதீர்கள். "பல்லி" என்ற எழுத்துகளை மட்டும் பாருங்கள்: ப, ல், லி. வால் என்றால் கடைசி எழுத்து. லி அறுந்தால் மிச்சம் "பல்". கடிக்க உதவுவது எது? பல்தான். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து முட்டிவிட்டது. அப்போது விடை சரி.

சாதாரணக் குறுக்கெழுத்தில் "பாண்டியர் தலைநகர் (3)" என்று கேட்பார்கள். மதுரை என்று தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் போய்ச் சேர வேறு வழி இல்லை. இந்தக் க்ரிப்டிக் வகையில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வாசல். ஒரு வாசலில் விடையின் பொருள் இருக்கும். மறு வாசலில் அந்தச் சொல்லை எப்படிச் செய்வது என்ற கைவேலை இருக்கும். பொருள் எப்போதும் குறிப்பின் முதலிலோ கடைசியிலோதான் நிற்கும், நடுவில் நிற்காது. அதனால் குறிப்பைப் படித்ததும் முதல் வேலையாக, முதல் ஒன்றிரண்டு சொல்லை ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள், கடைசி ஒன்றிரண்டு சொல்லை இன்னொரு கோடு போட்டுப் பிரியுங்கள். இரண்டில் ஒன்றுதான் பொருள். இதை மட்டும் பழகிக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இடையில் ஒரு சேதி, என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் விட மனசில்லை. உலகத்தின் முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வந்தது. போட்டவர் ஆர்தர் வின். கட்டம் சதுரமாக இல்லாமல் வைர வடிவத்தில் இருந்தது. அவர் வைத்த பெயர் "வேர்ட்-கிராஸ்". சில வாரங்களில் அச்சில் இரண்டு சொல்லும் இடம் மாறி "கிராஸ்-வேர்ட்" ஆகிவிட்டது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. யாரோ ஒருவர் கை தவறிச் செய்ததற்கு உலகமே பெயர் வைத்துக் கூப்பிடுகிறது. நான் ஒருமுறை மணமகன் பெயரும் மணமகளின் அப்பா பெயரும் இடம் மாறிப்போக விட்டேன். எனக்குக் கிடைத்தது அரை நாள் சம்பள வெட்டு.

சரி, கைவேலைக்கு வருவோம். வகைகள் நிறைய இருந்தாலும் நாலைந்து பிடிபட்டால் ஞாயிறு காலைக் கட்டத்தில் முக்கால்வாசி நிரம்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துக் கலைப்பு. அச்சகத்தில் கோத்து வைத்த பக்கம் கைதவறிக் கீழே விழுந்து எழுத்தெல்லாம் கொட்டிப்போகும் பாருங்கள், அதுதான். குறிப்பில் கலங்கி, குழம்பி, சிதறி, தடுமாறி என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால், பக்கத்தில் இருக்கும் சொல்லை உதறிப்போட்டு மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும்.

கலங்கிய விகாரியில் ஓடிய ஆறு (3)

வி, கா, ரி. மாற்றி அடுக்கினால் காவிரி. "ஆறு" என்பது பொருள். கண்டக்டர் தம்பி இதை எண் ஆறு என்று எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் சுற்றினார். விகாரி என்பது தமிழ் வருஷப் பெயர், 2019 ஏப்ரலில் பிறந்த வருஷம். அந்தக் கோடையில் பூண்டி, செம்பரம்பாக்கம், சோழவரம், புழல் நாலும் காய்ந்து, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், ஒரு நடைக்கு சுமார் 25 லட்சம் லிட்டர். அது மேட்டூரிலிருந்து குழாயில் ஜோலார்பேட்டைக்கு வந்த காவிரித் தண்ணீர். விகாரியில் நிஜமாகவே காவிரி ஓடியிருக்கிறது, தண்டவாளத்தின் மேல். டீச்சர் அக்கா அதை நினைத்துத்தான் போட்டாரா என்று கேட்டேன். சிரித்த பொம்மை ஒன்று மட்டும் அனுப்பினார்.

தமிழில் கலைக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஈய எழுத்தில் "கொ" என்பது மூன்று துண்டு: கொம்பு தனி, க தனி, கால் தனி. நான் அப்படியே பழகியதால் ஆரம்பத்தில் கொம்பையும் காலையும் பிய்த்து அடுத்த எழுத்தோடு ஒட்டப் பார்த்தேன். குறுக்கெழுத்தில் அது நடக்காது. கொ ஒரே கட்டம், ஒரே எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

அடுத்தது உள்ளே நுழைப்பது.

கப்பலுக்குள் ஒன்று புகுந்தால் குழப்பம் (4)

இதில் "குழப்பம்" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத்துக் கலைப்பு என்று பாய்ந்தவர்கள் எட்டுப் பேர். நானும் ஒருத்தி. ஆனால் இங்கே அதுதான் பொருள். கப்பல் என்றால் கலம். ஒன்று என்றால் க. தமிழ் எண்களில் ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய மாதிரி எழுதுவார்கள். பழைய பஞ்சாங்கம் கோத்தவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு, மற்றவர்கள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கல-வுக்கும் ம்-முக்கும் நடுவில் க புகுந்தால் கலகம். முப்பது வருஷம் கப்பலில் சரக்கு இறக்கிய துறைமுக அண்ணன்தான் இதை முதலில் அவிழ்த்தார். "கப்பல்னா எங்க ஏரியா இல்லையா" என்று அன்றைக்கு முழுவதும் பெருமை.

ஒளித்து வைப்பதும் உண்டு. "நடுவில் வந்தவளைக் கண்டதும் தண்ணீரில் குதிப்பது (3)". "வந்தவளைக்" என்ற சொல்லின் வயிற்றுக்குள் பாருங்கள், தவளை உட்கார்ந்திருக்கிறது. இந்த வகை கண்ணெதிரே இருப்பதால்தான் தெரியாது. திருப்பிப் போடுவது இன்னும் சுலபம்: "விதமா திரும்பி ஆடியவள் (3)" என்றால் வி-த-மா கடைசியிலிருந்து மா-த-வி. தலையை வெட்டுவதும் வாலை வெட்டுவது போலத்தான். "நகரத்தின் தலையை வெட்டிய கை (3)" என்பதில் நகரம் தலை போய்க் கரம். இங்கே "நகரத்தின்" என்று இருந்தாலும் "நகரம்" என்றே எடுக்க வேண்டும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டினால் சொல்லே உருமாறிவிடும் என்பதால், உருபைக் கழற்றிவிட்டு மூலச் சொல்லைப் பார்ப்பது எங்கள் குழுவில் வழக்கம். மரத்தை என்றால் மரம், வீட்டில் என்றால் வீடு.

சொல்லோடு சொல்லை ஒட்டுவதில்தான் சண்டை அதிகம் வரும். "மன்னன் ஊரில் உயர்ந்து நிற்பது (4)" என்று ஒரு குறிப்பு. கோ, அப்புறம் புரம், கோபுரம். பெரம்பூர்ப் பெண் பொருளை மறந்து, "மன்னன் ஊர்னா ராயபுரம்தானே, ராயர்னா ராஜா" என்று அடித்துவிட்டாள். ஐந்து எழுத்து என்பதையும் பார்க்கவில்லை. உடனே துறைமுக அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அது ராஜா இல்லம்மா, ராயப்பர். பீட்டர் கோயில் இருக்கே, அந்த ராயப்பர்" என்று ஒரு நீண்ட குரல் பதிவு. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதிலிருந்து 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து புறப்பட்ட கதைக்குப் போய், கோபுரம் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. இப்படி வழி மாறுவதை நான் தடுப்பதில்லை. ஆனால் புதியவர்களுக்குச் சொல்கிறேன்: அடைப்பில் இருக்கும் எண்ணை முதலில் பாருங்கள்.

ஒட்டும்போது சந்தி வரும் என்பதையும் மறக்காதீர்கள். "நம்பரோடு ஊர் சேர, கொசஸ்தலை கடல் சேரும் இடம் (4)". எண்ணும் ஊரும் சேர்ந்தால் எண்ஊர் என்று ஆகாது, எண்ணூர் ஆகும், கண்ணும் ஆடியும் சேர்ந்து கண்ணாடி ஆவது போல. பள்ளியில் புணர்ச்சி விதி படித்தபோது எதற்கு இது என்று தோன்றியதல்லவா, இதற்குத்தான்.

இரண்டு பொருள் ஒரு சொல் என்பது நமக்குப் புதிதில்லை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவைப் பாடிய காளமேகத்தின் மொழி இது. "கழுத்தில் விழும் பொழுது (2)" என்றால் மாலை. கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. இந்த வகையில் கைவேலையே இல்லை, இரண்டு வாசலிலும் பொருள்தான். குறிப்பு மிகவும் சின்னதாக, மூன்றே சொல்லில் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கட்டம் பாதி நிரம்பிய பிறகு குறிப்பைவிட எழுத்துகள் அதிகம் பேசும். இதில் ஒரு அச்சுக்கோப்பாளியின் கணக்கு உதவும். ஈய எழுத்துகளைப் பிரித்து வைக்கும் எங்கள் கேஸில் ங் என்ற பெட்டி சீக்கிரம் காலியாகும், ஙா பெட்டியைத் தொட்டதே கிடையாது. குறுக்கே வந்த விடையால் ஒரு கட்டத்தில் ங் கிடைத்தால், அடுத்த கட்டத்தில் க வரிசைதான் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் எழுதலாம். ஞ் வந்தால் அடுத்தது ச வரிசை, எப்போதாவது அஞ்ஞானம் போல ஞ. ந் வந்தால் த, எப்போதாவது செந்நீர் போல ந. ட் வந்தால் ட, க, ச, ப நாலில் ஒன்று: பட்டு, வெட்கம், ஆட்சி, நட்பு. ற் வந்தாலும் அதே நாலுதான், ட-வுக்குப் பதில் ற. சொல்லின் கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் வருவதாகத் தெரிந்தால் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறீர்கள், ரப்பரை எடுங்கள். முதல் கட்டத்தில் ழ, ள, ண, ன, ற வந்தாலும் அப்படித்தான். ர, ல, ட முதலில் வந்தால் ராயபுரம், லாரி, டீ மாதிரி வெளியிலிருந்து வந்த சொல்லா என்று யோசியுங்கள்.

இவ்வளவும் தனியாக உட்கார்ந்து செய்யலாம். சேர்ந்து செய்வது வேறு கலை, அதில் நான் ஒரு பெரிய தப்புப் பண்ணியிருக்கிறேன்.

சேர்ந்த புதிது. ஒரு ஞாயிறு காலை ஆறு இருபதுக்கு, ஏழு குறுக்கு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் விடையைக் குழுவில் போட்டுவிட்டேன். கண்டக்டர் தம்பிக்கு அன்று காலை ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு வண்டியை டெப்போவில் விட்டு, சாப்பிட்டு, அதன் பிறகுதான் கட்டத்தைத் திறப்பார். வாரம் முழுக்கக் காத்திருந்த ஆள். போனை எடுத்ததும் பூட்டிய திரையிலேயே என் விடை. "அக்கா, சினிமா தியேட்டர் வாசல்லயே கிளைமாக்ஸ் சொல்லிட்டீங்களே" என்று ஒரு வரி எழுதினார், மூன்று வாரம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் ஒன்பது மணிச் சட்டம்.

ராத்திரி ஒன்பது வரை யாரும் விடையைக் குழுவில் வெளிப்படையாக எழுதக் கூடாது. "ஏழு குறுக்கு விழுந்துடுச்சு" என்று மட்டும் சொல்லலாம். அதிலேயே ஒரு போட்டி கிளம்பிவிடும். மாட்டிக்கொண்டவர் உதவி கேட்டால் படிப்படியாகத்தான் கொடுக்க வேண்டும். முதலில் பொருள் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று மட்டும். அதிலும் நகரவில்லை என்றால் எது கைவேலைச் சொல் என்று. அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு எழுத்து. பெரும்பாலும் முதல் படியிலேயே "ஐயோ, ஆமாம்" என்று வந்துவிடும். அந்த "ஐயோ"வை அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள். சட்டத்தை மீறாமல் டீச்சர் அக்காவிடம் மட்டும் விடையைச் சரிபார்க்க வேண்டும் என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள். குழுவிலேயே போட்டாக வேண்டும் என்றால் முதல் வரியில் "ஏழு குறுக்கு, விடை கீழே" என்று எழுதி, பத்துப் பதினைந்து வரிக்கு வெறும் புள்ளி வைத்து, அதற்குக் கீழே எழுதுங்கள். போன் திரையில் எட்டிப் பார்க்கும் துண்டில் புள்ளிகள்தான் தெரியும்.

ஒன்பது மணிக்கு மேல் ஆளுக்கு இரண்டு குறிப்பு. விடையை மட்டும் எழுதினால் கணக்கில் சேராது, வழியும் வேண்டும். எது பொருள், எந்தச் சொல் எதைத் தந்தது, எந்தச் சொல் வெட்டு அல்லது கலை என்று சொன்னது, எல்லாம். குறிப்பில் ஒரு சொல்லாவது வேலை இல்லாமல் நின்றால் அதையும் சொல்ல வேண்டும். ஒன்று, நாம் இன்னும் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. இல்லையென்றால் போட்டவர் அழகுக்காக ஒரு சொல்லை நுழைத்துவிட்டார். சில நாள் விடை எப்படியோ வந்துவிடும், குறுக்கே வந்த எழுத்துகளின் தயவில். வழி தெரியாது. அப்போது வெட்கப்படாமல் "விடை வந்தது, வழி வரலை" என்று எழுதிவிடுங்கள். எங்கள் குழுவில் நல்ல பேச்செல்லாம் அந்த நாலு சொல்லில்தான் தொடங்கியிருக்கிறது. போட்டவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. இது டீச்சர் அக்காவுக்குப் பெரிய தண்டனை, நாற்பது வருஷம் வகுப்பில் பேசியவர்.

குறிப்பு நியாயமா என்ற சண்டையும் அந்த நேரத்தில்தான். கண்டக்டர் தம்பி முதல்முறையாக ஒரு குறிப்பு போட்டார்:

மொக்கை ஜோக்குக்குப் பிறகு சிகரெட், தபாலில் வந்தது (4)

கடியும் தம்மும் சேர்ந்தால் கடிதம். டீச்சர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தம் என்றால் மூச்சு, சிகரெட் என்று எந்த அகராதியில் இருக்கிறது என்றார். தம்பி விடவில்லை. "எங்க டெப்போ வாசல்ல வந்து கேளுங்க டீச்சர்." பதினோரு மணி வரை போனது. "மெட்ராஸ் பாஷையில் சிகரெட்" என்று மாற்றலாமா என்று ஒருவர் சமரசம் சொன்னார். மாற்றிப் படித்தால் குறிப்பின் ருசியே போய்விடுகிறது. என் கட்சி தம்பி கட்சி. தெருவில் புழங்கும் சொல்லை ஏழு பேர் யோசிக்காமல் கண்டுபிடித்தார்கள் என்றால் அது நியாயமான குறிப்பு. டீச்சர் அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த மாதம் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடக் கூடும்போது மறுபடி எடுப்பார். நாங்கள் நேரில் கூடுவது மாதம் ஒருமுறை, அந்தக் கடையில்தான். வாழைத்தண்டு சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டே சண்டை போட்டால் குரல் கொஞ்சம் தணிந்தே வருகிறது.

புது ஆட்கள் மூன்று மாதம் கட்டம் நிரப்பிய பிறகு ஒரு குறிப்பாவது சொந்தமாகச் செய்து பாருங்கள். சொல்லை எடுத்து, ஸ்டிக்கில் கோத்த எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போடுவது மாதிரி, துண்டு துண்டாகப் பிரியுங்கள். பிரிந்த துண்டுகளை வைத்து இயல்பாக ஒரு வாக்கியம் வருகிறதா பாருங்கள். வந்துவிட்டால், அதைப் படிக்கிறவர் உங்கள் தெருவையோ பல்லியையோ நினைக்க வேண்டும், எழுத்துகளை நினைக்கக் கூடாது. முதல் பத்து மோசமாகத்தான் இருக்கும். என்னுடையவை இருபது.

துறைமுக அண்ணன் இரண்டு வருஷம் "எனக்கு நிரப்பத்தான் தெரியும், பண்ணத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி எல்லாரும் தூங்கப் போகும் நேரத்தில் ஒன்று போட்டார். கைவேலை எதுவும் இல்லை. நான்கே சொல் கூட இல்லை.

ஞாயிறு மறைந்ததும் வருவது (4)

இரவு என்றால் மூன்று எழுத்து. இருட்டு என்றால் நாலு, ஆனால் மழைநாளில் பகலிலும் இருட்டு வரும் என்று டீச்சர் அக்காவே தள்ளிவிட்டார். ஒரே சொல், இரண்டு பக்கமும் பொருந்தும், அதுவும் முழுக் குறிப்பும் பொருளாகவே நிற்கும். எனக்கு விழுந்தபோது வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றியது. விடையை இங்கே எழுத மாட்டேன். கடைச் சுவரில் இப்போது மணி ஏழே கால்தான் ஆகிறது.